ரயிலம்மாவின் கீழ் வரி

மாண்டலின்காரர் ஒரு பாட்டிலிருந்து எந்தச் சுரத்தை வெட்டினாலும் அது அவருடைய மேசைக்கு அடியில் போய் விழுந்தது. எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக, கறுப்பாக, உருண்டையாக இருக்கும். மேல் சுரங்கள் லேசானவை, கட்டிலுக்கு அடிவரை உருண்டோடும். கீழ் சுரங்கள் கனமானவை, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும், இடுக்குக் கிடைத்தால் அதில் இறங்கிக்கொள்ளும். வெறுங்காலால் மிதித்தால் தரைக்குள் பெரிய வண்டு ஒன்று முனகுவது போலிருக்கும். வாரத்துக்கு ஒருமுறை அவற்றைப் பெருக்கி வாரிக் குப்பை வண்டியில் கொட்டுவது அந்த வீட்டில் துணி துவைப்பது மாதிரி ஒரு வேலை. கொட்டிய நாட்களில் வண்டி தெருமுனை திரும்பும்போது லேசாக முனகும். ஓட்டுநர் எஞ்சின் கோளாறு என்று நினைத்து இரண்டு தடவை பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினார். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பகலில் அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மேசைதான். பெரிய அரங்குகளில் ஐம்பது அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்து வாசிப்பதற்கென்று எந்தக் காலத்திலோ எழுதிவைத்த செவ்வியல் இசையை எடுத்து, ஒரு மாண்டலின், ஒரு அக்கார்டியன், ஒரு மவுத் ஆர்கன், கிடைத்தால் ஒரு புல்லாங்குழல் என்று வீட்டுக் கூடத்தில் நாலு பேர் வாசிக்கும்படி சுருக்கி எழுதுவார். எழுதியதைத் தன் இணையப் பக்கத்தில் போட்டுவிடுவார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. எடுத்துக்கொண்டவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். சுரங்க வேலைக்காரர்கள், பள்ளி வாத்தியார்கள், சிறைச்சாலைக் காவலர்கள் இருவர், கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு மனிதர் எல்லாரும் நன்றி எழுதினார்கள். யானையைப் பானைக்குள் அடைக்கிற வேலை என்று அவரே சொல்லிக்கொள்வார், சொல்லும்போது முகத்தில் பெருமை வழியும். அடைப்பதற்கு அவருக்கு ஒரு விதி இருந்தது: மெட்டு போகிற மேல் வரி கட்டாயம், நடு வரி முடிந்தால், அடியில் தாங்கிப் போகிற கீழ் வரி வேண்டாம். மாண்டலினின் அடித் தந்திக்குக் கீழே போகிற சுரத்தை மாண்டலினால் வாசிக்க முடியாது. "கீழ் சுரத்துக்குப் பெரிய வயிறு வேணும்யா. நம்ம வாத்தியத்துக்கெல்லாம் எலி வயிறு" என்பார். ஆகையால் வெட்டினார், ஆகையால் மேசைக்கு அடியில் எப்போதும் கறுப்பாக இருந்தது.

அவர் மனைவிக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலை. ரயிலம்மா என்றால்தான் ஊரில் தெரியும். ஒரு பெண்ணுக்கு அவ்வளவு ஆழமான குரல் இருக்க முடியும் என்பதை வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, பதறாமல், ஏறாமல் இறங்காமல் வரும். வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்று அவள் சொன்னால் பயணிகள் கோபப்படாமல் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவார்கள். மாண்டலின்காரர் இளவயதில் அப்படித் தாமதமான வண்டிக்காகக் காத்திருந்தபோதுதான் அந்தக் குரலைக் கேட்டார். வண்டி வந்தது, அவர் ஏறவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் மேசையில் வேலை செய்ய, அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே அந்தப் பாட்டை முனகுவாள். மற்றவர்கள் மெட்டை முனகுவார்கள், அவளுக்கு வந்தது கீழ் வரிதான். எல்லாரும் கேட்காமல் விடுகிற வரி எதுவோ அது அவள் காதில் முதலில் விழுந்தது. அவர் தாளில் வெட்டிப்போட்டதை அவள் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்தாள் என்றும் சொல்லலாம். அவருக்கு அது சவுகரியமாக இருந்தது. முனகலைக் கேட்டு மேல் வரியைச் சரிபார்த்துக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த தாளைத் திருப்புவார்.

ஒரே மகள். சின்ன வயதிலிருந்து மேசைக்கு அடியில் பெருக்குவது அவள் முறை. இரும்பு ஒட்டும் வேலை படித்தாள், கடல் தாண்டி ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வேலை கிடைத்ததும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று கையெழுத்துப் போட்டாள். மகள் புறப்பட்ட நாளில் ரயிலம்மாவுக்கு வேலை நேரம். மகள் நடைமேடையில் நின்று அறிவிப்பு அறையின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இறங்கி வரவில்லை. மகள் ஏறவேண்டிய வண்டியை, எந்த நடைமேடை, எந்தெந்த ஊர்கள், எத்தனை மணி என்று வழக்கமான குரலில் இரண்டு தடவை அறிவித்தாள், வண்டி போய்விட்டது. "ஒரு இடத்துல கூடக் குரல் நடுங்கலப்பா" என்று மகள் பிற்பாடு அப்பாவிடம் சொன்னாள். போய்ச் சேர்ந்ததும் அவள் போன் செய்யவில்லை. சேர்ந்துவிட்டாயா என்று கேட்பது அம்மாவின் வேலை என்றாள். சேர்ந்துவிட்டேன் என்று சொல்வது பிள்ளையின் வேலை என்றாள் ரயிலம்மா. வீம்பில் இரண்டும் ஒரே அச்சு. ஊரில் உள்ள எல்லா வண்டியும் வந்து சேர்ந்ததை நாள் முழுக்கச் சொல்லிவிட்டு வருகிறவளுக்கு, பெற்ற பெண் போய்ச் சேர்ந்த செய்தி இரண்டு வருஷமாக வரவில்லை. அப்பாவுக்கு மட்டும் கண்ணாடிக் கடை போனில் அழைப்பு வரும்.

நடுவில் மாட்டிக்கொண்ட மாண்டலின்காரர் தனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தார். மனைவியின் போனை எடுத்து அவள் சொல்வது போல மகளுக்குச் செய்தி எழுதினார். அவள் திட்டுவதையெல்லாம் ஒரு ஸ்தாயி ஏற்றி இனிப்பாக்கினார், கரடுமுரடானதை வெட்டினார். கண்ணே, உடம்பைப் பார்த்துக்கொள், என்றெல்லாம் எழுதினார். மூன்றாவது செய்தியிலேயே மகள் கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா என்னைப் பொறந்ததுலேருந்து எருமைன்னுதான் கூப்பிடறாங்க. நீங்க ஒரு எருமை போட்டிருந்தா நம்பியிருப்பேன்ப்பா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அம்மா பேரில் வந்த எந்த எழுத்தையும் அவள் நம்பவில்லை. இனி குரலைக் கேட்டால்தான் உண்டு என்று சொல்லிவிட்டாள்.

மெதுவான பாட்டு ஒன்று இருந்தது. அதை மட்டும் அவர் வருஷக்கணக்காகத் தொடாமல் வைத்திருந்தார். அதில் மெட்டு மேலே போவது போலத் தோன்றும், பாட்டின் உயிர் முழுக்கக் கீழ் வரியில்தான். ரயிலம்மா கல்யாணமான புதிதிலிருந்து முனகி வந்தது அதைத்தான். அவள் குரல் எங்கே முடிகிறது, அந்த வரி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் இணையப் பக்கத்துக்கு வருகிறவர்கள் விடவில்லை. அந்தப் பாட்டு எப்போது, அந்தப் பாட்டு எப்போது என்று கேட்டுக் கேட்டு, உங்களால் மட்டும்தான் முடியும் என்று யாரோ எழுதியதில் மனிதர் விழுந்துவிட்டார். புகழுக்கு மயங்காதவன் எவன். கீழ் வரியை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிப் பார்த்தார், அது மெட்டோடு முட்டிக்கொண்டு மோதியது. நியாயமாக அங்கேயே கையைக் கழுவியிருக்க வேண்டும். விதிப்படி முழுசாக வெட்டினார். வெட்டியபின் மாண்டலினுக்கு அழகாகப் பொருந்தியது. காலையில் கடைக்குப் போவதற்கு முன் அதை இணையப் பக்கத்தில் போட்டுவிட்டு, அடுப்படியை எட்டிப் பார்த்து, "அந்த மெதுவான பாட்டைப் போட்டுட்டேன்" என்றார்.

ரயிலம்மாவுக்கு அன்று விடுப்பு. முகம் கழுவி, தலை வாரி, போனைக் கையில் எடுத்துக்கொண்டு மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "நானே கேட்டுடறேங்க. போய்ச் சேந்துட்டியாடின்னு ஒரு வார்த்தை. அதுல எனக்கென்ன கிரீடமா இறங்கிடப் போகுது" என்றாள். மாண்டலின்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரே எண்ணை அழுத்திக் கொடுத்தார். மகள் எடுத்தாள், திரையில் முகம் தெரிந்தது, கப்பல் தளத்தின் தலைக்கவசத்தைக்கூட அவள் கழற்றவில்லை. ரயிலம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மேசைக்கு அடியில் கைப்பிடி அளவு கறுப்பு மணிகள் பொலபொலவென்று விழுந்தன. மறுபடி சொன்னாள், உதடு அசைந்தது, அவ்வளவுதான். தொண்டையைச் செருமினாள், செருமலுக்கும் ஒலி இல்லை. அந்தப் பக்கம் மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சத்தத்தை நிறுத்தி வச்சுட்டுத் திட்டறாங்களா? இதுக்கா என்னை வேலைக்கு நடுவுல கூப்பிட்டீங்க?" என்று கேட்டுத் துண்டித்துவிட்டாள். நடந்ததை அப்பா திரும்ப அழைத்துச் சொன்னார். அம்மாவின் குரல் மேசைக்கு அடியில் விழுந்துவிட்டது என்றார். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுரம் விழும், எனக்குத் தெரியும். ஆள் குரல் எங்கயாவது விழுமாப்பா? நீங்க அம்மாவுக்கு வக்காலத்து வாங்கினது போதும்" என்றாள்.

ரயில் நிலையத்தில் அவள் குரலில் பதிந்து வைத்திருந்த பழைய அறிவிப்புகளைப் போட்டுப் பார்த்தார்கள். அவற்றிலும் மூச்சுக் காற்று மட்டும் இருந்தது. அவளைத் தொலைந்த பொருட்கள் அறைக்கு மாற்றினார்கள். அங்கே குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் பேசத் தேவையில்லாமல் உட்கார்ந்திருந்தாள். மாண்டலின்காரர் அந்தப் பாட்டைப் பக்கத்திலிருந்து அழித்தார். கொட்டிய தண்ணீரை அள்ள முடியுமா? அதற்குள் உலகம் முழுக்க எடுத்துப் படி எடுத்து, படிக்குப் படி எடுத்து, வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லா இடத்திலிருந்தும் நன்றி வந்து குவிந்தது. கீழ் வரியைச் சேர்த்து, பெரிய வாத்தியம் எதற்காவது பொருந்தும்படி புதிதாக எழுதிப் போட்டு, தயவுசெய்து இதையும் வாசியுங்கள் என்று கெஞ்சினார். ஒருவரும் எடுக்கவில்லை. கீழ் வரி இல்லாமலே நன்றாகத்தான் இருக்கிறது, எதற்கு வீண் சுமை, என்று கலங்கரை விளக்கத்துக்காரர் அன்போடு பதில் எழுதினார். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மாண்டலின்காரர் கண்ணாடிக் கடையில் எல்லார் முன்னாலும் அழுதார்.

பிறகு மணிகளை வாரி எடுத்துப் பேச வைக்கப் பார்த்தார். மாண்டலினுக்குள் போட்டுக் குலுக்கினார், வண்டுச் சத்தம் வந்தது. மாவு டப்பாவில் போட்டார், அதே. தண்ணீர் பிடிக்கும் இரும்பு டிரம்மில் போட்டு உருட்டியபோது எங்கோ தூரத்தில் ஒரு 'ஆ' கேட்டது, கடைசியில் ஒரு 'டி' கேட்டது. ரயிலம்மா பரபரத்து எழுந்து நின்றாள். இன்னும் பெரிய வயிறு வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கே போய்த் தேடுவது? ஒவ்வொரு தடவை வாரும்போதும் சில மணிகள் தரை இடுக்கில் தொலைந்தன, அன்றைக்கெல்லாம் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒருநாள் அவள் அவர் கையைப் பிடித்துத் துடைப்பத்தை வாங்கி மூலையில் சாத்திவிட்டு, மணிகளை மேசைக்கு அடியிலேயே பழையபடி கொட்டினாள். இனி இதைத் தொடக்கூடாது என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகு அந்த இடத்தை யாரும் பெருக்கவில்லை. தூசி படிந்தது, ஒட்டடை சேர்ந்தது. தினமும் காலையில் வாசலில் வந்து நின்ற இரும்பு வயிற்றை இருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. விதி என்று சொல்லிவிடலாம், ஆனால் வீட்டுக் குப்பையைக் கொடுத்துவிட்டு வண்டியை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

வருஷங்கள் அப்படியே போயின. மகள் ஒருமுறை கடைப் போனில், போகிற போக்கில் கேட்பது போல, "அம்மா ஏதாவது கேட்டாங்களா?" என்று கேட்டாள். "கேட்டா. போய்ச் சேந்துட்டியாடின்னு கேட்டா" என்றார். "இத்தனை வருஷம் கழிச்சா? நீங்க எழுதற வசனம் மாதிரியே இருக்குப்பா" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் மனைவியின் பேச்சை வெட்டாமல் ஏற்றாமல் அப்படியே சொன்னது அதுதான்.

ரயிலம்மா ஒரு மத்தியானம் தொலைந்த பொருட்கள் அறையில் குடை ஒன்றுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது நாற்காலியிலேயே இறந்துபோனாள். கூப்பிட்டிருப்பாளோ என்னவோ. பக்கத்து அறையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து நாலாம் நாள்தான் மகளால் வந்து சேர முடிந்தது. அந்த நேரம் பார்த்து மாண்டலின்காரர், மனைவியின் அலமாரிச் சாவியையும் வேலைக் கோட்டையும் ஒப்படைக்க ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார். மகள் வந்த வண்டியை ஓர் இயந்திரக் குரல் அறிவித்தது. இவர் அலுவலக வாசல் வழியாக உள்ளே போக, அவள் பக்கவாட்டு வழியாக வெளியே வந்துவிட்டாள். எதிர்வீட்டுத் தையல்காரர் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். வீடு போட்டது போட்டபடி கிடந்தது. கை சும்மா இருந்தால் உடைந்துவிடுவோம் என்று தோன்றியது அவளுக்கு. அம்மா இருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டாளே என்று முனகிக்கொண்டே துடைப்பத்தை எடுத்தாள். அடுப்படி, கூடம், படுக்கையறை, கடைசியில் சின்ன வயதில் தன் முறையாக இருந்த மேசைக்கு அடி. ஒட்டடைக்கு நடுவில் கறுப்பு மணிகள். அப்பா இன்னும் திருந்தவில்லை என்று நினைத்தாள். இடுக்கில் கிடந்தவற்றைக்கூட ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தாள், எதிலும் பாதி வேலை அவளுக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் பையில் கட்டி, அப்போது தெருவில் திரும்பிக்கொண்டிருந்த வண்டியில் போட்டுவிட்டு வந்து கை கழுவினாள்.

மாண்டலின்காரர் திரும்பி வந்தபோது தரை பளிச்சென்று இருந்தது. மகளைக் கட்டிக்கொண்டார். அவள் தோளுக்கு மேலாக மேசைக்கு அடியைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னப்பா?" என்றாள். "அங்கேயும் பெருக்கினியாம்மா?" "ஆமா. எவ்ளோ தூசி! பெருக்கி எத்தனை வருஷம் ஆச்சு?" அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நாலு நாளாகத் தூங்காத முகம். சொல்ல வேண்டியதை அப்படியே வெட்டினார். "நல்லதும்மா. நல்ல வேலை பண்ணினே" என்றார். மேசைக்கு அடியில் எதுவும் விழவில்லை.

மறுநாள் காலையில் குப்பை வண்டி தெருமுனை திரும்பியது. அப்போதே கேட்டுவிட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல், ஏறாமல் இறங்காமல், எந்த இடத்திலும் நடுங்காமல், முதல் வீட்டு வாசலில் நின்று, "போய்ச் சேந்துட்டியாடி?" என்று கேட்டது. இரண்டாம் வீட்டு வாசலில் கேட்டது. மகள் பல் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே வெறுங்காலோடு ஓடினாள். வண்டியின் இரும்பு வயிற்றில் இரண்டு கையையும் வைத்தாள். "சேந்துட்டேன். அம்மா, சேந்துட்டேம்மா" என்றாள். "போய்ச் சேந்துட்டியாடி?" என்றது வண்டி. அவள் மறுபடி சொன்னாள். மறுபடி கேட்டது. ஓட்டுநர் இறங்கி வந்து சங்கடத்தோடு நின்றார். "நேத்து மத்தியானத்துலேருந்து இப்படித்தாம்மா. எத்தனை தடவை பதில் சொன்னாலும் அதே கேள்விதான். கேக்க மட்டுந்தான் தெரியுது, காது கிடையாது" என்றார். பாவம், அவருக்கு இன்னும் ஆறு தெரு பாக்கி இருந்தது.

அன்று மாலையே அப்பாவும் மகளும் வண்டிக் கொட்டகைக்குப் போனார்கள். மேற்பார்வையாளர் நல்ல மனிதர், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள் என்று விட்டார். மகள் விளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியின் வயிற்றுக்குள் ஊர்ந்து போய்ப் பார்த்தாள். மற்ற குப்பையெல்லாம் போய்விட்டிருந்தது. கனமான மணிகள் மட்டும் தகடும் தகடும் சேர்கிற ஒட்டுக்கு அடியில், விரல் நுழையாத இடத்தில் இறங்கி உட்கார்ந்திருந்தன. எடுக்க வேண்டுமென்றால் ஒட்டைத் தீயால் பிரிக்க வேண்டும். பிரித்தால் உள்ளே இருப்பது என்ன ஆகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? வெளியே வந்து விளக்கை அணைத்தாள். "நல்லா ஒட்டியிருக்காங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

தெரு பழகிக்கொண்டது. ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர் மட்டும், எண்பதைத் தாண்டியவனைப் பார்த்து 'போய்ச் சேந்துட்டியா' என்று கேட்டால் என்ன அர்த்தம், அதிலும் 'டி' வேறா என்று நகராட்சிக்குப் புகார் எழுதினார். விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. குழந்தைகள், "இன்னும் இல்ல, இதோ கிளம்பிட்டேன்" என்று கத்திக்கொண்டே பள்ளிக்கு ஓடுகிறார்கள். மாண்டலின்காரர் இப்போதும் எழுதுகிறார். கீழ் வரியை வெட்டுவதில்லை, அதனால் அவர் பக்கத்துக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மேசைக்கு அடி சுத்தமாக இருக்கிறது, அந்தப் பக்கம் அவர் பார்ப்பதில்லை. மகள் கப்பல் தளத்துக்குத் திரும்பிப் போனதும் போன் செய்து, சேர்ந்துவிட்டேன் என்றாள். தினமும் காலையில் அவர் ஒரு கையில் குப்பைப் பையும் ஒரு கையில் போனுமாக வாசலில் நிற்கிறார். வண்டி வந்து கேட்கிறது. அவர் போனை அதன் பக்கம் நீட்டுகிறார். "சேந்துட்டேம்மா" என்கிறாள் மகள். வண்டி நகர்ந்து எதிர்வீட்டு வாசலில் நின்று அதையே கேட்கிறது. தையல்காரர் "ஆச்சு, ஆச்சு" என்று பையைப் போட்டுவிட்டு உள்ளே போகிறார்.